கொலஸ்ட்ரால் மாத்திரையும் என் மதிப்பெண் ஏடும்

என் அண்ணனுக்கு இடது கண்ணின் மேலிமையில், மூக்கை ஒட்டிய மூலையில், ஊறவைத்த கடலைப்பருப்பைப் பிளந்து ஒட்டியது போல மஞ்சளாக ஒரு தடிப்பு இருந்தது. கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும்போது அதை மறைப்பதற்காக முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு நிற்பார். அண்ணியோ அது செல்வம் சேரும் அறிகுறி என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1998-ஆம் ஆண்டில், தைப்பூசம் கழிந்து சில வாரங்கள் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை, ரோஸ் ஹில் சந்தையிலிருந்து காய்கறிக் கூடையோடு வீடு திரும்பியவர், நெஞ்சை ஏதோ அழுத்துகிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு 49 வயது. அந்த மஞ்சள் தடிப்பு தோலுக்கு அடியில் கொலஸ்ட்ரால் படிவதால் உண்டாவது என்பதும், இளம் வயதில் அது தோன்றினால் உடனே இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது, அவர் போய் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். மொரிஷியஸ் ஆரம்பப் பள்ளிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். 2017 முதல் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையை உட்கொண்டு வருகிறேன். இடையில் ஏழு மாதங்கள் எவரையும் கேளாமல் அதை நிறுத்தியும் வைத்திருந்தேன். இந்தக் கட்டுரை அந்த ஏழு மாதங்களைப் பற்றியது. அந்த மாத்திரையைப் பற்றி இந்தத் தீவில் நான் கேட்ட பேச்சில் பாதி, அது உயிர்காக்கும் அமுதம் என்பது. மறுபாதி, அது மருந்து வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்பது. இரண்டையும் சொன்னவர்கள் யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

2017-இல் என் இரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 4.4 மில்லிமோல் இருந்தது. சிதம்பரத்தில் என்னோடு படித்து, இப்போது தஞ்சாவூரில் இருக்கும் நண்பரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "நாலரை கூட இல்லையா? எனக்கு நூற்றைம்பது ஐயா, கொடுத்துவைத்தவர் நீர்!" என்றார். இந்தியாவில் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். எங்கள் எண்ணை ஏறக்குறைய 38.7-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். அப்படிப் பெருக்கிப் பார்த்தால் என்னுடையது 170. கொடுத்துவைத்தவர் அவர்தாம். தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "130-க்குக் கீழே இருந்தால் போதுமாம், எனக்கு 5 தானே" என்று நிம்மதியடைந்த ஒருவரைக் கோயில் வாசலில் சந்தித்திருக்கிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அந்த மாத்திரை உடம்பில் செய்வது என்னவென்றால், நம் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், அதைத் தயாரித்துக்கொள்கிறது. ஸ்டாட்டின் என்னும் மருந்துக் குடும்பம் அந்தத் தயாரிப்புக்கு இன்றியமையாத ஒரு நொதியைத் தடுக்கிறது. தன் சரக்குக் குறைந்ததைக் கண்ட கல்லீரல், இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூடுதலாக முளைக்க விடுகிறது, இரத்தம் சுத்தமாகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்னும் இரு அமெரிக்கர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தைக் கண்டறிந்தவரோ ஜப்பானியர். தோக்கியோவில் ஒரு மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1973-இல் அரிசியில் பூத்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். பூஞ்சணம் பிடித்த அரிசியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் கொட்டும் நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும். அவர் கண்டறிந்த அதே பொருள் கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. அதன் உறவான லோவாஸ்டாட்டின் என்னும் மருந்துதான் 1987-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது.

அதே 1987-இல் எங்கள் தீவில் வேறொன்று நடந்தது. அதைச் சொல்லாமல் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்நாளில் சாதாரணக் குடும்பங்கள் எல்லாம் வாங்கியது, அரசு விலையைக் கட்டுப்படுத்தி விற்ற எண்ணெயைத்தான். இங்குள்ள கிரியோல் பேச்சில் அதற்குத் 'தெல்வில் ராசியோன்' என்று பெயர், அதாவது பங்கீட்டு எண்ணெய். எங்கள் அம்மா மூலைக் கடைக்குக் காலிப் புட்டியைக் கொடுத்தனுப்பி வாங்கிவரச் சொல்வார். அது பெரும்பாலும் பனை எண்ணெய், அதாவது நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தது. 1987-இல் அரசு அதன் சேர்மானத்தை மாற்றிச் சோயா எண்ணெயாக ஆக்கிவிட்டது. அதே ஆண்டிலும் 1992-இலும் நாடு தழுவிய உடல்நலக் கணக்கெடுப்புகள் நடந்தன. மக்களின் மொத்தக் கொலஸ்ட்ராலின் சராசரி அந்த ஐந்தாண்டுகளில் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. முழுவதும் எண்ணெயின் வேலை என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டுகளில் புகைப்பிடிப்பதும் குடிப்பதும் குறைந்தன, அரசின் உடல்நல இயக்கமும் தீவிரமாக நடந்தது. ஆயினும் எண்ணெய்க்குக் கணிசமான பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அம்மா தம் சமையலில் எதையும் மாற்றவில்லை; கத்தோ பிமா என்று நாங்கள் சொல்லும் மிளகாய் வடையை அதே வாணலியில்தான் பொரித்தெடுத்தார். மாறியது வாணலிக்குள் இருந்த எண்ணெய் மட்டுமே. அதனால் மாரடைப்பிலிருந்து தப்பியவர்கள் இந்தத் தீவில் நிச்சயம் இருப்பார்கள்; ஆனால் அவர்களில் ஒருவருக்கும் தாம் தப்பியது தெரியாது.

மாத்திரையின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அது தரும் தீங்கு நம் உடம்பில் தெரியும். தொடை வலிக்கும், தூக்கம் கெடும், அல்லது அப்படித் தோன்றும். அது தரும் நன்மையோ நடக்காமல் போன ஒன்று. வராத மாரடைப்பை எந்த மனிதனும் உணர்ந்ததில்லை. ஆகவே அவரவர் உடம்பைக் கேட்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஆயிரக்கணக்கானோரை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மறுபகுதிக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

அப்படி எண்ணிய ஆய்வுகளில் நான் முதலில் படித்தது 1994-இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வு. ஏற்கெனவே இதய நோய் கண்ட 4,444 பேர், ஐந்தாண்டுகளுக்கு மேல். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர் இறந்தனர். சிம்வாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டினை உண்டவர்களில் 8 பேர். விளம்பரக்காரர் இதனை "மரணம் 30 விழுக்காடு குறைந்தது" என்பார். எதிர்ப்பாளர் "நூறு பேர் ஐந்தாண்டு விழுங்கி நாலு பேர்தானே பிழைத்தார்கள்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. சந்தையில் பத்து ரூபாய்ப் பொருளுக்குப் பாதி விலை என்றால் ஐந்து ரூபாய்தான் மிச்சம், ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு என்றால் ஐந்நூறு. தள்ளுபடி ஒன்றே, மிச்சமாகும் காசு வேறு. அடுத்த ஆண்டே மேற்கு ஸ்காட்லாந்தில் அதுவரை மாரடைப்பு வராத 6,595 ஆண்களிடம் பிரவாஸ்டாட்டினைக் கொண்டு நடந்த ஆய்வு வெளிவந்தது. அங்கே மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரைப் பக்கம் நூற்றுக்கு 7.9, மருந்துப் பக்கம் 5.5. தள்ளுபடி ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் ஆபத்துக் குறைவாக இருந்தவர்களுக்கு மிச்சமும் குறைவாக இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், எல்.டி.எல். ஒவ்வொரு மில்லிமோல் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்கிறார்கள். எதில் ஐந்தில் ஒரு பங்கு என்று கேட்பதுதான் நோயாளியின் வேலை.

என் விஷயத்தில் அந்த 'எதில்' சிறியதன்று. அண்ணன் 49-இல் போனார்; எனக்கு இரத்த அழுத்தம் உண்டு; சர்க்கரை எல்லையில் நிற்கிறது. போதாக்குறைக்கு நாம் தெற்காசிய வம்சம். 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்று கண்டார்கள். ஐந்தாறு தலைமுறைக்கு முன்பு கப்பலேறி வந்த நாம் கரும்புத் தோட்டத்தை விட்டுவிட்டோம். அந்த உடம்பை விடவில்லை. எங்கள் நாட்டில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இங்கே ஸ்டாட்டின் இவ்வளவு பேருக்கு எழுதித் தரப்படுவதில் வியப்பில்லை.

இனி என் ஏழு மாதக் கதைக்கு வருகிறேன். மாத்திரை தொடங்கிய நான்காம் மாதத்தில், மாடிப்படி ஏறும்போது இரு தொடைகளிலும் மாவு பிசைவது போல ஒரு வலி வந்தது. மகள் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நீண்ட செய்தியை எனக்கு அனுப்பினாள். தசையைத் தின்னும் மருந்து என்று அதில் எழுதியிருந்தது. அன்றிரவு வலி கூடியது. மறுநாள் நான் ஒரு பழைய பள்ளி ஏட்டை எடுத்து, பக்கத்துக்கு ஒரு வாரமாகக் கோடு போட்டு, தினமும் இரவு வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதத் தொடங்கினேன். முப்பத்து மூன்று ஆண்டுகளின் பழக்கம். சிவப்பு மையில்தான் எழுதினேன். மாத்திரை உண்ட வாரங்களில் 5, 6, 6 என்று வந்தது. நிறுத்தினேன். இரண்டே வாரத்தில் 2 ஆனது. "பார்த்தாயா!" என்று மனைவியிடம் ஏட்டைக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம், மாத்திரையே இல்லாமல், மதிப்பெண் மீண்டும் 4-க்கு ஏறியது. தோட்டத்தில் பாத்தி கொத்திய வாரத்தில் 6. அந்தப் பக்கத்தை மட்டும் நான் மனைவிக்குக் காட்டவில்லை. அவளாகவே பார்த்துவிட்டாள். "இந்த ஆறுக்கு எந்த மாத்திரைங்க காரணம்?" என்று கேட்டாள்.

இலண்டனில் என்னைப் போன்ற 60 பேரைக் கொண்டு, ஏறக்குறைய இதே மதிப்பெண் ஏட்டை முறையாக நடத்தியிருக்கிறார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வில் எல்லாரும் பக்கவிளைவு தாளாமல் ஸ்டாட்டினை நிறுத்தியவர்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு புட்டிகள் தரப்பட்டன. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு புட்டி. தினமும் தொல்லைக்கு நூற்றுக்கு மதிப்பெண். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. தொல்லை மெய்யானது, ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்பதனாலேயே வந்தது. அவர்களில் பாதிப்பேர் தங்கள் மதிப்பெண்களைப் பார்த்த பிறகு மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள். 2022-இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிய ஆய்வும் இதைத்தான் காட்டியது: தசைவலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் நூற்றுக்கு 27.1, வெற்று மாத்திரைப் பக்கம் 26.6. மருந்தினால் கூடுதலாக வந்த வலி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே, ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 11 பேருக்கு.

அப்படியானால் என் வலி மனப்பிரமையா? இங்கேதான் என் கதை ஆய்வோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. ஏழாம் மாத முடிவில் வேறொரு மருத்துவரிடம் சென்று எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மேசையில் கொட்டினேன். அவர் இரண்டை எடுத்துத் தனியே வைத்தார். இரத்த அழுத்தத்துக்கு ஓரிடத்தில் தந்த அம்லோடிபின் 10 மில்லிகிராம். கொலஸ்ட்ராலுக்கு வேறோரிடத்தில் தந்த சிம்வாஸ்டாட்டின் 40. இவ்விரண்டும் சேர்ந்தால் சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் கூடிவிடும் என்பதால், அம்லோடிபின் உண்பவருக்கு அது 20-க்கு மேல் போகக்கூடாது என்று 2011-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்திருக்கிறது. இரு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவர், "பழம் ஏதாவது வழக்கமாகச் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். கொழுந்தியாள் பாம்ப்ளமூஸில் இருக்கிறாள், அவள் வீட்டு மரத்துப் பம்பளிமாசு காய்க்கும் காலத்தில் மூட்டையாக வரும், காலையில் அரைப்பழம் எனக்கு, என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

பம்பளிமாசும் அதன் கலப்பினமான கிரேப்ஃபுரூட்டும் குடலில் சில மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடுகின்றன. அதனால் சிம்வாஸ்டாட்டினும், ஓரளவுக்கு அடோர்வாஸ்டாட்டினும், எழுதிய அளவைவிடக் கூடுதலாக இரத்தத்தில் சேர்கின்றன. காலையில் தின்று மாத்திரையை இரவில் விழுங்கினாலும் தப்பிக்க முடியாது. அந்தத் தடை ஒரு நாளைக்கு மேல் நீடிக்கும். பிரவாஸ்டாட்டினுக்கும் ரோசுவாஸ்டாட்டினுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஊரின் பெயரே பம்பளிமாசு என்று பொருள்படும் ஓரிடத்திலிருந்து வந்த பழம், பிரெஞ்சிலும் டச்சிலும் தமிழிலும் ஒரே சொல்லால் வழங்கும் பழம், என் தொடைத் தசையில் வந்து உட்கார்ந்திருந்தது என்பது ஒரு தமிழாசிரியனுக்கு வலியிலும் சற்று ருசிக்கத்தான் செய்தது.

எனக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமில் தொடங்கினார்கள். இந்திய வம்சாவளியினர் உள்ளிட்ட ஆசியர்களின் இரத்தத்தில் இந்த மருந்து வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்காகச் சேர்கிறது என்பதால் குறைந்த அளவில் தொடங்குவது முறை. என் ஏட்டில் மதிப்பெண் 2-க்கும் 3-க்கும் இடையில் நின்றது; முழங்கால் வலி தனி, அது தேய்மானம். என் கணிப்பில் அந்த 6-இல் பாதி மருந்துக் கலவையும் பழமும் செய்தது. மீதி வயதும், மண்வெட்டியும், மகள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்.

மெய்யான ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் ராப்டோமயோலைசிஸ் என்னும் நிலை மிக அரிது, ஆனால் உண்டு. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து இதனாலேயே, பல உயிர்கள் போன பின், 2001-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஸ்டாட்டின் உண்பவருக்குக் கடுமையான தசைவலியும் தளர்ச்சியும் வந்து, சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போனால், ஏடெல்லாம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரையும் மெய்தான். 13 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான கணக்கின்படி, 255 பேர் நான்காண்டுகள் ஸ்டாட்டின் உண்டால் ஒருவருக்குக் கூடுதலாக நீரிழிவு வருகிறது. அளவு கூடினால் இதுவும் கூடும். பெரும்பாலும் எல்லையில் நின்றவர்கள்தாம் எல்லையைத் தாண்டுகிறார்கள். நான் எல்லையில் நிற்பவன். ஆகவே நான் மாத்திரையைத் தொடர்வது ஆபத்தே இல்லை என்ற நம்பிக்கையால் அன்று. சர்க்கரை சற்று ஏறினால் அதை அளக்கலாம், நடக்கலாம், மருந்துண்ணலாம், அண்ணனுக்கு வந்தது வந்தால் எதுவும் செய்ய முடியாது என்ற கணக்கால். வேறொருவர் கணக்கு வேறாக இருக்கலாம். என் மாமியார் 88 வயதில் எழுந்து நடக்கவே இருவர் தாங்க வேண்டிய நிலையில் இருந்தபோது, மருத்துவரே இந்த மாத்திரையை நிறுத்தினார். நாங்களும் சரி என்றோம். பலன் கிடைக்க ஆண்டுகள் ஆகும் மருந்தை, அவ்வளவு தளர்ந்த உடம்புக்கு, தினமும் விழுங்கும் பத்து மாத்திரைகளோடு பதினொன்றாக வைத்திருப்பதில் பொருளில்லை.

ஞாபகமறதி பற்றிய பயத்தை விரிக்க மாட்டேன். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. போர்ட் லூயிசில் சீனக் கடைகளில் கிடைக்கும் சிவப்பரிசிப் புளிப்பு மருந்தை "இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது" என்று உண்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: அதில் வேலை செய்யும் பொருள் லோவாஸ்டாட்டினேதான், எவ்வளவு இருக்கிறது என்று அச்சிடாத லோவாஸ்டாட்டின். தைப்பூச விரதத்தின்போது பத்து நாள் மரக்கறி உண்கிறோமே, அப்போது மாத்திரை எதற்கு என்று நிறுத்துபவர்களும் உண்டு. நானும் ஒருமுறை அப்படி நிறுத்தினேன். ஆனால் மாத்திரை தடுப்பது கல்லீரலின் தயாரிப்பை. கல்லீரல் விரதம் இருப்பதில்லை. காவடி இறக்கிய அன்று மத்தியானம் வாழையிலையில் ஏழு கறியோடு அப்பளமும் பாயசமும் வந்து உட்காரும்போது, அந்தப் பத்து நாளின் புண்ணியமும் எங்கே போகிறதோ, முருகனுக்கே வெளிச்சம்.

இத்தனையும் எழுதியதற்குக் காரணம் என் அண்ணன் மகன். தகப்பன் இறந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கண்ணிமையின் மஞ்சள் தடிப்பு எதைக் குறிக்கும் என்று படித்தறிந்த நாளிலிருந்து நான் அவனை நச்சரித்து வந்தேன். ஒல்லியானவன், ஞாயிறுதோறும் பந்து விளையாடுகிறவன், எனக்கென்ன என்று தட்டிக் கழித்தான். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருவழியாக இரத்தம் கொடுத்தான். எல்.டி.எல். 6.3. மருத்துவர் அவன் குதிகால் தசைநாணைத் தடவிப் பார்த்து, அது இயல்பைவிடத் தடித்திருப்பதைக் காட்டினார். பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் மிகைநோய் என்றார். பெரும்பாலும் எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவில் பழுது ஏற்படுவதால் வருவது. ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்புச் சரிபாதி. சிகிச்சை பெறாத ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். இப்படிப்பட்டவருக்கு உணவும் ஓட்டமும் போதா. பிறந்த நாளிலிருந்தே குழாய் நிறையக் கொழுப்போடு வாழ்ந்தவர் அவர்.

"சித்தப்பா, ஆயுசு முழுக்க விழுங்கணுமா? எனக்கு 37 வயசுதான் ஆகுது" என்று கேட்டான். நான் ஏட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்; ஆறுகளையும் காட்டினேன், பம்பளிமாசையும் சொன்னேன். அண்ணன் கல்யாணத்தில் எடுத்த படத்தையும் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அவனே சுவரில் மாட்டியிருந்த வேறொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. அதிலும் அண்ணன் முகத்தைத் திருப்பித்தான் நிற்கிறார்.

ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராமில் அவனுடைய 6.3 ஆறு வாரத்தில் 3.2 ஆனது. போதாது என்றார்கள். ஸ்டாட்டின் அளவை இரட்டித்தால் மேலும் ஏறக்குறைய 6 விழுக்காடுதான் குறையும் என்பதால், அளவைக் கூட்டாமல், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்னும் மாத்திரையைச் சேர்த்தார்கள். இப்போது 2.4. இன்னும் இறங்காவிட்டால் பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதத்தை மடக்கும் ஊசி இருக்கிறது; விலையைக் கேட்டுவிட்டு அவன் எண்ணெய்ப் பலகாரங்களைத் தானாகவே விட்டுவிட்டான்.

அவனுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பத்து வயதுக்குள் அவளையும் சோதித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். வரும் பள்ளி விடுமுறையில் போகப் போகிறார்கள். ஊசி என்றால் அவளுக்குப் பயம். போன வாரம் என்னிடம் வந்து, வலிக்குமா தாத்தா என்று கேட்டாள். பத்துக்கு இரண்டு என்றேன். அவள் நம்பவில்லை, தானே எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லி, என் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.